நிலாவுல இருக்குற கருப்புத் திட்டெல்லாம் என்னது? பாட்டி வடை சுட்ட இடத்தோட லாவா கதை

போன பௌர்ணமி அன்னைக்கு கரண்ட் போயிடுச்சு, எல்லாரும் மொட்டை மாடியில பாய் விரிச்சு உக்காந்திருந்தோம். அக்கா பொண்ணு ரொம்ப நேரமா நிலாவையே பாத்துட்டு இருந்துட்டு, "மாமா, அந்தக் கருப்பா இருக்குறது பாட்டின்னு அம்மா சொல்றா, முயல்னு ஆச்சி சொல்றாங்க, எது நெஜம்?"னு கேட்டா. ரெண்டும் இல்லம்மா, அது எப்பவோ ஓடி காஞ்சு போன லாவான்னு சொன்னேன். அவளுக்கு வடை போன வருத்தம் மூஞ்சியில அப்படியே தெரிஞ்சுது. அன்னைக்கு அரைகுறையா சொன்னதை இப்ப ஒழுங்கா எழுதலாம்னு உக்காந்தேன், ஜியாலஜி படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி.

முதல்ல, அது நிழல் இல்ல. பௌர்ணமி அன்னைக்கு சூரிய வெளிச்சம் நேரா விழுது, நிழலே கிட்டத்தட்ட கிடையாது, ஆனா அன்னைக்குதான் அந்தத் திட்டு நல்லா தெரியும். தண்ணியும் இல்ல. தண்ணின்னு நெனச்சுதான் பழைய காலத்து ஐரோப்பியர்கள் அதுக்குக் கடல்னு பேரு வச்சாங்க, லத்தீன்ல மாரே, பன்மையில மரியா. இப்ப நாம யூஸ் பண்ற பேரெல்லாம் பெரும்பாலும் ரிச்சியோலிங்குற இத்தாலியப் பாதிரியார் 1651ல போட்டது, கூட இருந்து மேப் வரைஞ்சவர் கிரிமால்டி. நிலாவுக்கும் பூமியோட வானிலைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்ப நம்பிக்கை, அதனால மழைக் கடல், மேகக் கடல், அமைதிக் கடல், தெளிவுக் கடல், புயல் பெருங்கடல்னு பேரு. மழைக் கடல்ல ஒரு நாளும் மழை பெஞ்சதில்ல, ஆனா பேரு அப்படியே நின்னுடுச்சு. நம்ம ஊர்ல இதுக்கு மறுன்னும் முயற்கறைன்னும் பேரு, யோசிச்சுப் பாத்தா கறைங்குறதுதான் உண்மைக்கு இன்னும் கிட்ட இருக்கு.

சரி, கறை எதனால? நிலாவோட மேல்பரப்புல முக்கியமா ரெண்டு வகைக் கல்லுதான். வெள்ளையா பளிச்சுன்னு தெரியுற மேட்டு நிலத்துல இருக்குறது அனார்த்தோசைட், கால்சியமும் அலுமினியமும் நிறைய இருக்குற வெளிர் கல். கருப்புச் சமவெளியில இருக்குறது பசால்ட், அதாவது லாவா ஆறி இறுகுன கல், இதுல இரும்பு ரொம்ப ஜாஸ்தி, சில இடத்துல டைட்டானியமும் ஜாஸ்தி. அந்த இரும்பும் டைட்டானியமும் இருக்குற தாதுக்கள்தான் வெளிச்சத்தை முழுங்குது, அவ்வளவுதான் கருப்புக்குக் காரணம். ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, நிலாவே மொத்தத்துல வெள்ளை கிடையாது. மேல விழுற வெளிச்சத்துல சராசரியா 12 சதவீதம்தான் திரும்பி வருது, பழைய தார் ரோடு மாதிரி. சுத்தி வானம் கன்னங்கரேல்னு இருக்குறதால நமக்கு அது வெள்ளித் தட்டா தெரியுது.

பசால்ட்டுன்னா என்னன்னு கண்ணால பாக்கணும்னா மகாராஷ்டிரா போங்க. எல்லோரா குகைக் கோயில் மொத்தமும் பசால்ட்டுல குடைஞ்சதுதான். அது தக்காணத்துல சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி தரை பிளந்து அடுக்கடுக்கா ஓடுன லாவா, இன்னைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிஞ்சு கிடக்கு. நிலாவுல நடந்ததும் கிட்டத்தட்ட அதே டைப் சமாச்சாரம்தான், ஆனா அதை விடப் பல மடங்கு பழசு. நம்ம வீட்டு அம்மி, ஆட்டுக்கல்லைக் காட்டி இதுதானேன்னு கேக்காதீங்க, கருப்பா இருக்குற கல்லெல்லாம் பசால்ட் இல்ல.

இப்ப கொஞ்சம் பின்னாடி போகணும். சுமார் 450 கோடி வருஷம் முன்னாடி நிலா உருவான புதுசுல அதோட மேல்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிப் போய் ஒரு நெருப்புக் குழம்புக் கடலா இருந்துச்சுங்குறாங்க. அது ஆற ஆற கனமான தாதுக்கள் அடியில போய்ப் படிஞ்சுது, லேசான வெளிர் தாது மேல மிதந்து வந்துச்சு, பருப்பு வேகும்போது நுரை பொங்கி மேல வந்து ஒதுங்குமே அந்த மாதிரி. அந்த மேல ஒதுங்குன நுரைதான் நிலாவோட வெள்ளை மேலோடு. இந்த ஐடியா வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1969 ஜூலைல அப்போலோ 11 இறங்குனது அமைதிக் கடல்ல, கருப்பு மண்ணுல. அங்கேருந்து அள்ளிட்டு வந்த மண்ணைச் சலிச்சுப் பாத்தா நடுவுல நடுவுல சின்னச் சின்ன வெள்ளைக் கல் துணுக்கு. இது இந்த ஊர்க் கல் இல்லையே, எங்கேயோ மேட்டு நிலத்துல விண்கல் விழுந்து தெறிச்சு வந்ததா இருக்கணும்னு ஜான் வுட்டுங்குற விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் யோசிச்சு, அந்த அரிசி மணி சைஸ் துணுக்கை வச்சு நிலாவோட மேல்பகுதி மொத்தமும் ஒரு காலத்துல உருகிக் கிடந்துச்சுன்னு 1970ல சொல்லிட்டாங்க.

அந்த வெள்ளைக் கல்லு நம்ம நாமக்கல் மாவட்டத்துலயே இருக்கு, சித்தம்பூண்டியில. சந்திரயான் 2 லேண்டரையும் ரோவரையும் டெஸ்ட் பண்றதுக்கு இஸ்ரோ அந்தக் கல்லை அரைச்சுதான் செயற்கை நிலா மண் செஞ்சாங்க. அப்புறம் 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு சந்திரயான் 3 இறங்குனதும் கருப்புச் சமவெளியில இல்ல, தெற்குப் பக்கம் மேட்டு நிலத்துல, பிரக்யான் ரோவர் அங்க மண்ணை அலசிப் பாத்தப்ப இந்த அனார்த்தோசைட் சாயல்தான் வந்துச்சு, அதாவது அந்த உருகுன கடல் கதைக்கு இன்னொரு சாட்சி.

சரி, வெள்ளை மேலோடு ரெடி. இனிமே கருப்பு எப்படி வந்துச்சுன்னு பாப்போம். பெரிய பெரிய விண்கல்லுங்க வந்து மோதுச்சு. கிரேட்டர்னு சொல்ற சின்னக் குழி இல்ல, பேசின்னு சொல்ற ராட்சசப் பள்ளம். மழைக் கடல் உக்காந்திருக்குற பள்ளம் மட்டும் 1,100 கிலோமீட்டருக்கு மேல அகலம், அது சுமார் 390 கோடி வருஷம் முன்னாடி விழுந்த அடி. தெளிவுக் கடல் 700 கிலோமீட்டர் பக்கம், சென்னையிலேருந்து கன்னியாகுமரி வரைக்கும் ரோட்டுல போற தூரம்.

இங்கதான் முக்கால்வாசிப் பேரு தப்பா புரிஞ்சுக்குறாங்க, நானும் ரொம்ப வருஷம் தப்பாதான் சொல்லிட்டு இருந்தேன். விண்கல் மோதுச்சு, ஓட்டை விழுந்துச்சு, உள்ள இருந்த லாவா புளுக்னு வெளிய வந்து நிரம்பிடுச்சு, முட்டையில ஓட்டை போட்ட மாதிரின்னு. அப்படி இல்ல. பள்ளம் விழுந்தது ஒரு சம்பவம், லாவா நிரம்புனது வேற சம்பவம், நடுவுல பல இடத்துல கோடிக் கணக்கான வருஷம் இடைவெளி. ஏரி வெட்டுறது ஒரு தலைமுறை, அதுல தண்ணி வந்து நிக்குறது அடுத்த தலைமுறைன்னு வச்சுக்கலாம். மோதுன சூட்டுல அந்த இடத்துக் கல் உருகுனது உண்மைதான், ஆனா அது வேற சரக்கு, இந்தக் கருப்பு பசால்ட் அது இல்ல. பள்ளத்துக்குள்ள லாவா நிரம்புறதுக்கு முன்னாடியே புதுசா சின்னக் கிரேட்டர்கள் விழுந்து, அப்புறம் லாவா வந்து அதையும் மூழ்கடிச்சிருக்கு, இன்னைக்கும் பாதி முங்குன வளையமா அதெல்லாம் டெலஸ்கோப்புல தெரியும். மோதுன கையோட நிரம்பியிருந்தா அந்தக் கிரேட்டர் விழ டைமே இருந்திருக்காதே.

அப்ப உருக்குன சூடு எங்கேருந்து? உள்ள இருந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மாதிரி கதிரியக்கச் சரக்கு மெதுவா சிதைஞ்சு சிதைஞ்சு சூட்டைச் சேத்துக்கிட்டே இருந்துச்சு, பழைய சூடும் மிச்சம் இருந்துச்சு. அதனால 100லேருந்து 500 கிலோமீட்டர் ஆழத்துல மேன்டில், அதாவது மேலோட்டுக்கு அடியில இருக்குற தடிமனான கல் அடுக்கு, கொஞ்சமா உருகுது, மொத்தமா இல்ல, அங்கங்க. உருகுன மேக்மா மேல ஏறப் பாக்கும், ஆனா ஒரு சிக்கல், இது இரும்பு நிறைஞ்ச கனமான குழம்பு, மேல இருக்குற மேலோடோ லேசானது. லேசானதைத் துளைச்சுக்கிட்டு கனமானது மேல வர்றது சாதாரண விஷயம் இல்ல. அதனால மேலோடு எங்க ஒல்லியா இருக்கோ அங்கதான் வெடிப்பு வழியா ஏறி வந்து வெளிய கொட்டும். ஒல்லியா இருக்குறது எங்க? அந்த ராட்சசப் பள்ளத்தோட அடியில. பள்ளம் லாவாவை உண்டாக்கல, வெளிய வர வழியும் தங்க இடமும் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

வெளிய வந்த லாவா எப்படி ஓடுச்சுங்குறது இன்னொரு சுவாரசியம். அடை மாவு இருக்குல்ல, கல்லுல ஊத்துனா ஊத்துன இடத்துலயே உக்காந்துக்கும், கையால தட்டித்தான் பரப்பணும். ரவா தோசை மாவு அப்படி இல்ல, தெளிச்ச உடனே ஓடி எங்க குழி இருக்கோ அங்க போய் நிரம்பிடும். நிலா லாவா ரவா தோசை மாவு கேஸ். இரும்பு ஜாஸ்தி, குழம்பைக் கெட்டியாக்குற சிலிக்கா கம்மி, அதனால தண்ணியா இருக்கும், கிட்டத்தட்ட என்ஜின் ஆயில் பதத்துல. மழைக் கடல்ல ஒரு லாவா ஓட்டம் கிளம்புன இடத்துலேருந்து 1,200 கிலோமீட்டர் வரைக்கும் போயிருக்கு. இப்படித் தண்ணியா ஓடுறதாலதான் நிலாவுல ஃபுஜி மாதிரி கூம்பு எரிமலை நிக்கல. குவியுறதுக்கு முன்னாடியே ஓடிடும், வெளிய வந்த வெடிப்பே அதோட லாவாவுக்குள்ள முங்கிடும். எரிமலை எங்கன்னு தேடுறவங்களுக்கு எரிமலையைக் காணோம், அது போட்ட தரை மட்டும் இருக்கு. புயல் பெருங்கடல்ல மாரியஸ் குன்றுகள் மாதிரி சில இடத்துல கொத்துக் கொத்தா குட்டிக் குட்டி எரிமலை மேடு இருக்கு, அது விதிவிலக்கு.

ஒரே நாள்ல கொட்டி முடிஞ்சதுன்னும் நெனைக்காதீங்க. ஒரு லேயர் ஓடும், ஆறும், ரொம்ப காலம் கழிச்சு அதுக்கு மேல இன்னொண்ணு. இதை நேர்ல பாத்தவங்களே இருக்காங்க. 1971ல அப்போலோ 15ல போன ஸ்காட்டும் இர்வினும் ஹாட்லி ரில்லேங்குற பள்ளத்தாக்கு ஓரத்துல நின்னு எதிர்ச் சுவரைப் பாத்தா, அடுக்கு அடுக்கா கல் தெரிஞ்சுது, அடுக்குப் பராட்டாவைக் குறுக்க வெட்டுன மாதிரி. அந்தப் பள்ளத்தாக்கே லாவா ஓடுன வாய்க்கால்தான், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழம், நெளிஞ்சு நெளிஞ்சு 100 கிலோமீட்டருக்கு மேல போகுது. ஆறு ஓடுன தடம் மாதிரியே இருக்கும், ஆனா ஓடுனது நெருப்பு. சில வாய்க்கால் மேல ஆறி மூடிக்கிட்டு உள்ள மட்டும் ஓடி, அப்புறம் காலியாகி குகையா நின்னுடுது. மாரியஸ் குன்றுகள் பக்கம் அப்படி ஒரு குகையோட கூரை இடிஞ்ச மாதிரி ஒரு கிணறு இருக்கு, ஜப்பானோட ககுயா விண்கலம் எடுத்த படத்துல பாத்து 2009ல வெளிய சொன்னாங்க. நிலாவுல மனுஷன் தங்கணும்னா இந்த மாதிரி குகைதான் சேஃப்னு சொல்றவங்க நிறைய, கதிர்வீச்சும் படாது, பகல் ராத்திரி சூடு குளிர் ஆட்டமும் இல்ல.

எல்லாமே சாந்தமா ஓடுச்சுன்னு இல்ல, பீச்சியடிச்ச இடமும் உண்டு. 1972 டிசம்பர்ல அப்போலோ 17ல போன ஹாரிசன் ஷ்மிட், நிலாவுல கால் வச்ச ஒரே ப்ரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட், ஷார்ட்டிங்குற கிரேட்டர் ஓரத்துல ஆரஞ்சு கலர் மண்ணைப் பாத்துட்டு ரேடியோவுல கத்தியே கத்திட்டாரு. சாம்பல் கலரைத் தவிர வேற எதுவும் இல்லாத ஊர்ல ஆரஞ்சு பாத்தா யாரா இருந்தாலும் கத்துவாங்க. கொண்டு வந்து பாத்தா அது அத்தனையும் பொடிப் பொடிக் கண்ணாடி உருண்டை. சுமார் 360 கோடி வருஷம் முன்னாடி கேஸ் அழுத்தத்துல லாவா ஊத்து மாதிரி மேல பீச்சி, காத்தே இல்லாத வெளியில துளித் துளியா ஆறி விழுந்தது. 2008ல இந்த மாதிரி நிலாக் கண்ணாடி மணிகளுக்குள்ள துளியூண்டு தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் நிலாவோட உள்பக்கம் சுத்த வறட்சின்னுதான் எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க.

இவ்வளவு கனமான கல் பள்ளத்துல வந்து உக்காந்தா என்ன ஆகும்? நடுவுல அமுங்கும். அமுங்கும்போது மேல்பரப்பு சுருங்கி மடிப்பு விழும், காய்ச்சுன பால் ஆறும்போது ஆடை சுருக்கம் விழுமே அந்த மாதிரி, கருப்புச் சமவெளியில நீள நீளமா வரப்பு போல ஓடுறது இந்த மடிப்புதான். இன்னொரு விளைவு வேற விதமா மாட்டுச்சு. நிலாவைச் சுத்துன விண்கலங்கள் சில பள்ளத்துக்கு மேல போகும்போது மட்டும் லேசா வேகம் மாறுதேன்னு பாத்து, அங்க கீழ எடை குவிஞ்சு கிடக்குன்னு 1968ல முல்லர், ஜோக்ரென்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சாங்க. கனமான பசால்ட்டும், அடி வாங்குன இடத்துல மேல எழும்பி வந்த மேன்டிலும் சேந்து அந்த இடத்துல ஈர்ப்பு ஒரு சிட்டிகை ஜாஸ்தி. 1972ல அப்போலோ 16 விட்டுட்டு வந்த குட்டி சேட்டிலைட் இந்த மாதிரி இழுவையில மாட்டி 35 நாள்ல நிலாவுலயே போய் மோதிடுச்சு.

வயசு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. மேட்டு நிலத்துல குழி மேல குழி, வைக்க இடம் இல்ல, கருப்புச் சமவெளி ஒப்பிட்டா வழவழன்னு இருக்கும். அதாவது லாவா லேட்டா வந்து பழைய தழும்பையெல்லாம் மூடிடுச்சு. எவ்வளவு குழி எண்ணுனா எவ்வளவு வயசுங்குற கணக்குக்கு கையில இருக்குற கல்லுதான் அளவுகோல், அப்போலோ மொத்தமா கொண்டு வந்த 382 கிலோ கல் மண் இல்லேன்னா இந்தக் கணக்கே இல்ல. அந்தக் கல்லுல பசால்ட்டெல்லாம் பெரும்பாலும் 310 கோடியிலேருந்து 390 கோடி வருஷம். அதுக்கப்புறம் நிலா அடங்கிடுச்சுன்னு நாம ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருந்தப்ப, 2020 டிசம்பர்ல சீனாவோட சாங்'அ 5 புயல் பெருங்கடலோட வடகிழக்குப் பக்கத்துலேருந்து 1,731 கிராம் கொண்டு வந்துச்சு, அந்த பசால்ட்டுக்கு வயசு வெறும் 200 கோடி. பூமியை விட அவ்வளவு சின்ன உருண்டை, சீக்கிரம் ஆறியிருக்கணும், ஆனா அவ்வளவு லேட்டா எப்படி உருகுச்சுங்குறது ஜியாலஜிக்காரங்களுக்கு இன்னும் தலைவலிதான்.

அதை விடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. நிலா எப்பவும் ஒரே மூஞ்சியைத்தான் நமக்குக் காட்டும். 1959 அக்டோபர்ல சோவியத்தோட லூனா 3 போய் முதுகுப் பக்கத்தைப் படம் புடிச்சு அனுப்புனப்ப எல்லாருக்கும் ஷாக், அங்க கருப்பே கிட்டத்தட்ட இல்ல. நம்ம பக்கத்துல 31 சதவீதம் பரப்பு கருப்பு, பின்பக்கம் 2 சதவீதம்தான். மாஸ்கோ கடல்னு ஒரு திட்டு, சியோல்கோவ்ஸ்கி கிரேட்டருக்குள்ள ஒரு திட்டு, இன்னும் அங்கொண்ணு இங்கொண்ணு, அவ்வளவுதான். பின்பக்கம் மேலோடு தடிமன் ஜாஸ்திங்குறது ஒரு பதில், ஈர்ப்பை அளந்து இதைத் தெளிவா காட்டுனது 2012ல நிலாவைச் சுத்துன கிரெயில்ங்குற இரட்டை விண்கலம். ஆனா இந்தப் பதில் மட்டும் பத்தாதுன்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா தென் துருவம் ஐட்கென்னு 2,500 கிலோமீட்டர் அகலத்துல நிலாவோட மிகப் பெரிய பள்ளம் அந்தப் பின்பக்கம்தான் இருக்கு, அதுக்கு அடியில மேலோடு ஒல்லிதான், அப்படியும் லாவா கொஞ்சம்தான் வந்து நின்னுருக்கு. பள்ளம் இருந்தா பத்தாது, கீழ அடுப்பும் எரியணும்.

அந்த அடுப்புக்குப் பேரு கிரீப். குழம்புக் கடல் ஆறும்போது எந்தத் தாதுவுலயும் சேராம கடைசியில வண்டலா தங்குன பொட்டாசியம், அரிய மண் தனிமங்கள், பாஸ்பரஸ், இதுங்களோட குறியீட்டை (K, REE, P) சேத்து வச்ச பேரு. தோரியம், யுரேனியமும் அது கூடவேதான் இருக்கும், அதனால அது இருக்குற இடம் உள்ளுக்குள்ள சூடாவே இருக்கும். 1998ல லூனார் ப்ராஸ்பெக்டர் விண்கலம் தோரியம் எங்க இருக்குன்னு மேப் போட்டுக் காட்டுச்சு, எல்லாம் புயல் பெருங்கடல், மழைக் கடல் பக்கமே குவிஞ்சு கிடக்கு, அதாவது நம்ம பக்கம். ஆஹா விடை கெடச்சாச்சுன்னு பாத்தா, சாங்'அ 5 கொண்டு வந்த அந்த இளைய பசால்ட் கிரீப் ஏரியாவுலேருந்தே எடுத்தது, ஆனா அது உருகி வந்த மூலத்துல கிரீப் சரக்கு பெருசா இல்லேன்னு 2021ல ரிசல்ட் வந்துச்சு. 2024 ஜூன்ல சாங்'அ 6 முதல் தடவையா பின்பக்கத்துலேருந்தே கல் மண் அள்ளிட்டு வந்துச்சு, 1,935 கிராம், அதுல இருந்த பசால்ட்டுக்கு வயசு சுமார் 280 கோடி. ஆக பின்பக்கமும் அவ்வளவு லேட்டா வரைக்கும் உள்ள சூடு இருந்திருக்கு. ஏன் இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு கொட்டுச்சுங்குற சண்டை தொடருது.

நீங்களே பாக்கணும்னா டெலஸ்கோப் வேண்டாம், சாதாரண பைனாகுலர் போதும், கண்ணே போதும்னு கூட சொல்லலாம். நம்ம ஊர்லேருந்து பாக்குறதுக்கு வெளிநாட்டு மேப்பை அப்படியே நம்பாதீங்க, அதுல வடக்கு மேல இருக்கும், நமக்கு நிலா படுத்த வாக்குல எழும். பௌர்ணமி அன்னைக்கு சாயங்காலம் கிழக்க எழும்பும்போது பாருங்க, மேல் ஓரத்துல தனியா ஒரு சின்ன முட்டை வடிவத் திட்டு தெரியும், அது நெருக்கடிக் கடல், சின்னதுன்னு சொன்னாலும் சுமார் 550 கிலோமீட்டர். அதுக்குக் கீழ பெருசா அமைதிக் கடல், அப்போலோ 11 இறங்குன இடம், அதை ஒட்டி இடது பக்கம் தெளிவுக் கடல். இன்னும் கீழ இடது பக்கம் வட்டமா மழைக் கடல், அடியில ஓரமா ஒழுங்கே இல்லாம பரவிக் கிடக்குறது புயல் பெருங்கடல். வலது பக்கம் பூரா வெள்ளை, அது மேட்டு நிலம். சாய்வு மாசத்துக்கு மாசம் கொஞ்சம் மாறும். விடிகாலை மேற்க இறங்கும்போது மொத்தப் படமும் கவுந்து நெருக்கடிக் கடல் கீழ வந்துடும்.

நாலாம் பிறை சமயத்துலயும் அந்த நெருக்கடிக் கடல் தனியா தெரியும், மத்த திட்டு பெரும்பாலும் இருட்டுல இருக்கும்போதே. மாடியில அதைத்தான் முதல்ல அக்கா பொண்ணுக்குக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பைனாகுலரை வச்சுப் பாத்துட்டு, மத்ததெல்லாம் லாவாவா இருந்துட்டுப் போகட்டும், தனியா ஓரத்துல கிடக்குற இது வடைதான்னு சொல்லிட்டா.